குறுக்குவெட்டி

பூங்கோதை கணவனுக்கு நேர் எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தாள். அறவாழியோ சாவகாசமாகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க! ஏரி மதகைத் திறந்துட்டாங்க! மேல வாங்க, சீக்கிரம்!"

அடுக்ககத்தின் அடித்தள வண்டி நிறுத்தம் அது. அபாயச் சங்கு அலறியது, சுவரெல்லாம் சிவப்பு விளக்கு. அவனுக்கு இரண்டுமே எட்டவில்லை. விழிக்குள் பதித்த வில்லையிலும் காதுக்குள் பதித்த ஒலிச்சில்லிலும் விளம்பரங்களை வெட்டும் குறுக்குவெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதை உருவாக்கியவளே பூங்கோதைதான். வில்லைகள் வந்த புதிதில் ஊரே நொந்துபோயிருந்தது. செய்தி படிக்கப் போனால் மெத்தை விளம்பரம் குதிக்கும். மூடுவதற்குப் பெருக்கல் குறியைத் தொட்டால் இன்னொரு கடை திறக்கும். சாலையைக் கடக்கும்போது நகைக்கடை வந்து மறைத்ததில் கை கால் உடைந்தவர்கள் உண்டு. அவள் ஆடித் தள்ளுபடி விளம்பரங்களை மூட்டை மூட்டையாகக் கொட்டி இயந்திரத்துக்குப் பாடம் நடத்தினாள். முந்துங்கள், இன்றே கடைசி, தவறவிட்டால் வருந்துவீர்கள். அதுவும் ஒழுங்காகவே கற்றுக்கொண்டது. கேட்காமல் முன்னால் வந்து அவசரப்படுத்துவது எதுவானாலும் விளம்பரம். அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பின்னணியை நிரப்பிவிடும்.

அறிமுக விழாவில் சிலர், அபாய அறிவிப்புகளுக்காவது விலக்கு வேண்டும் என்றார்கள். "விலக்கு குடுத்தா நாளைக்கு எல்லாக் கடையும் சங்கு ஊதும்" என்று மறுத்துவிட்டாள். அரங்கமே கைதட்டியது.

இன்று கண் சிவந்திருந்ததால் அவள் மட்டும் தன் வில்லையை, அதோடு ஒலிச்சில்லையும், அணைத்து வைத்திருந்தாள்.

சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறிவிட்டான்.

"தொட்டு விக்கவும் ஆரம்பிச்சுட்டானுங்களா! கோதை கிட்ட சொல்லி இதையும் வெட்டச் சொல்லணும்."

சரிவுப்பாதையின் மேலிருந்து இரைச்சல் கேட்டது. தன் இயந்திரத்தை ஏமாற்ற ஒரே வழிதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிரித்தாள்.

"என்னங்க, மாடிக்கு வரீங்களா? சும்மாதான். அவசரம் ஒண்ணும் இல்ல."

அறவாழியின் முகம் மலர்ந்தது. "அட, நீ எப்ப வந்த?"

"இப்பதான். வாங்களேன், பேசிட்டே போவோம்."

"அவசரமில்லேன்னா நீ போம்மா. இந்தப் பக்கத்தையும் துடைச்சிட்டு வந்துடறேன்."

சரிவில் செந்நிற வெள்ளம் இறங்கியது. அவளால் அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை. "ஐயோ, ஓடி வாங்க!" என்று அலறினாள்.

அறவாழி நிமிர்ந்து பார்த்தான். மனைவி நின்ற இடத்தில் தூண் மட்டுமே தெரிந்தது. மாடிக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது என்று எண்ணி, துணியைப் பிழிந்துகொண்டு மறுபக்கம் போனான்.