டயரில் பாதிக் காற்று

"ப்ரணவோட பைக்கை நான் பார்க்கணும்."

கேட்கவே கூடாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அப்பா சொன்னார். பைக் க்ளப் நண்பர்கள் சொன்னார்கள். ப்ரணவின் அம்மா வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்.

முத்துமாரி கேட்டுவிட்டாள்.

ஜனக்புரியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட். அதுதான் க்ளப்பின் கராஜ். எதிரே க்ளப்பின் கேப்டன் ஸ்ரீநிவாஸ்.

"அச்சா. பார்த்துக்கோ. நாளைக்கு பழைய இரும்பு எடுக்கற கபாடிக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்."

தார்ப்பாயை விலக்கினாள். ஹாண்டில்பார் கோணியிருந்தது. டேங்க்கில் அவள் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது.

போன மாதம் டெல்லியிலிருந்து ஏழு பைக்குகள் ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போயின. சனி, ஞாயிறு. மணலில் ஓட்டுவது, டென்ட் போட்டுத் தூங்குவது. சாப்பிடும்போது அவளுக்கும் ப்ரணவுக்கும் சண்டை. கல்யாணத்தை அவன் வீட்டில் எப்போது சொல்வது என்று.

விடிந்தபோது அவன் டென்ட் காலி. மணல்மேட்டின் அடியில் பைக். பக்கத்தில் ப்ரணவ்... தலை உடைந்து.

கோபத்தில் மேடு ஏறப் போய் விழுந்துவிட்டான் என்றான் ஸ்ரீநிவாஸ். அந்த ஊர் போலீஸ் அப்படியே எழுதிக்கொண்டது. பைக் லாரியில் டெல்லி வந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள்தான் கொலைகாரி.

அவளுக்கும்தான். பைக்கை ஸ்ரீநிவாஸ் இவ்வளவு அவசரமாகப் பழைய இரும்புக்குப் போடுகிறான் என்று கேட்டதிலிருந்து மட்டும் ஏதோ உறுத்தியது.

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே குனிந்தாள். முன் டயரை அழுத்தினாள். பின் டயரை அழுத்தினாள்.

கல் மாதிரி!

"அண்ணா, மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் டயர்ல பாதிக் காத்த இறக்குனோம். இல்லேன்னா புதைஞ்சிடும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"இதுல முழுக் காத்து இருக்கு. அவன் மேடு ஏறப் போகல. ரோட்டுக்குக் கிளம்பியிருக்கான்."

"வீட்டுக்குக் கிளம்பியிருப்பான். எழுப்பி பம்ப் கேட்டான், குடுத்தேன். கோவத்துல மேட்டுப் பக்கம் திரும்பிட்டான் போல..."

சட்டென்று நிறுத்தினான்.

"காலைல வரைக்கும் தூங்கிட்டு இருந்தேன்னு போலீஸ்ல சொன்னீங்களேண்ணா..."

ஸ்ரீநிவாஸ் நடந்து போய் ஷட்டரை இழுத்தான். கிர்ர்ர்... பூட்டினான். சாவி பாக்கெட்டுக்குள் போயிற்று.

ஜன்னல் கிடையாது. மாடியில் யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. கத்தினால் அந்த விசில் அளவுக்குக்கூட வெளியே கேட்காது.

"உங்க ஜே.ஜே. காலனி குடிசைங்கள்லயே மொதல் டிகிரி நீ. எங்கேயாவது ஏசி ரூம்ல வேலை பார்க்கறத விட்டுட்டு டயரை அமுக்கிட்டு இருக்கியே, பாகல்... பைத்தியம்."

அப்புறம் நிதானமாகவே சொன்னான். ஒவ்வொரு கேம்ப் முடிந்தும் சுருட்டிய டென்ட்டுக்குள் போதைப் பொட்டலம் டெல்லி வரும். ப்ரணவ் பார்த்துவிட்டான். வீட்டுக்குப் போவதாகச் சொல்லி பம்ப் வாங்கினான். ஆனால் கேம்ப் ஆளிடம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்டிருந்தான்; அது ஸ்ரீநிவாஸின் காதுக்கு வந்துவிட்டது. அதனால் டென்ட் ஆணி அடிக்கும் சுத்தியல்... அப்புறம் மணல்மேடு.

"உன் சண்டையாலதான் செத்தான்னு நீயும் நம்பித் தொலைச்சிருந்தா, பிழைச்சிருப்ப."

சுவரிலிருந்து அதே சுத்தியலை எடுத்தான்.

முத்துமாரியின் முதுகு சுவரில் இடித்தது. நகர இடமில்லை. ஆனாலும் ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது ஒன்று இறங்கிப் போனது.

நான் இல்லை. நான் கொல்லவில்லை.

டம்! டம்! ஷட்டர் அதிர்ந்தது.

"ஸ்ரீநி அண்ணா, திறங்க. எல்லாத்தையும் கேட்டுட்டோம். போலீஸ் வந்துட்டு இருக்கு." க்ளப்பில் கூட ஓட்டும் பாலுவின் குரல்.

ஸ்ரீநிவாஸின் கை அந்தரத்தில் நின்றது.

முத்துமாரி ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினாள். ஓரத்தில் சின்னதாக நீல விளக்கு. பைக் ஓட்டிக்கொண்டே ஒருவரோடு ஒருவர் பேச க்ளப்பில் எல்லோரும் மாட்டியிருக்கும் இன்டர்காம். தெருமுனையில் அவள் நிறுத்திவிட்டு வந்த பாலுவுக்கும் மற்றவர்களுக்கும் எல்லாம் கேட்டிருந்தது.

"ரைடு முடியற வரைக்கும் இதை ஆஃப் பண்ணக் கூடாதுன்னு நீங்கதாண்ணா ரூல் போட்டீங்க."

வெளியே கடப்பாரைச் சத்தம். பூட்டு தெறித்தது. ஷட்டர் பாதி ஏறுவதற்குள் ஸ்ரீநிவாஸ் குனிந்து பாய்ந்தான். பாலுவைத் தள்ளினான். வாசலில் நின்ற தன் பைக்கில் ஏறி முறுக்கினான்.

பைக் தள்ளாடியது. நாலடி போய் அவனையும் சேர்த்துக்கொண்டு சாய்ந்தது. பாலுவும் மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

முத்துமாரி வெளியே வந்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். தெருமுனையைப் பார்த்து நடந்தாள். திரும்பாமலே உரக்கச் சொன்னாள்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு டயர்லயும் காத்த இறக்கிட்டேண்ணா. பம்ப் வேணும்னா கேளுங்க, குடுக்கறேன். அப்புறம் தூங்கிட்டு இருந்தேன்னு சொல்லிடுவேன்."