அழியாத பச்சை

அழிய வேண்டிய பச்சை அழியவில்லை.

நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணைக் கசக்கிவிட்டு அவள் மறுபடி குனிந்தாள். ஐந்து மாத வயிறு மேசை விளிம்பில் இடித்தது. கீழே, இருட்டின் நடுவே, எலியின் கரு ஒற்றை உயிரணுவாக மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் தாயின் பங்கும் தந்தையின் பங்கும் இன்னும் ஒன்று கலக்காமல் இரண்டு பொட்டுகளாக நின்றன. தந்தையின் பொட்டு இந்நேரம் மங்கியிருக்க வேண்டும். அது பச்சையாக, ஈரமாக மின்னியது.

ஓர் உயிர் பட்டது, பயந்தது எல்லாம் அதன் மரபணுக்களின்மேல் நுண்ணிய குறிகளாகப் படியும். எதைப் படிக்க வேண்டும், எதைத் தாண்டிப் போக வேண்டும் என்று அவை சொல்லும். கரு உண்டான கொஞ்ச நேரத்திலேயே அவற்றில் பெரும்பாலானவை சிலேட்டைத் துடைப்பதுபோல் துடைபட்டுவிடும். அப்பன் பயம் அப்பனோடு போகும். அந்தத் துடைப்பைக் கண்ணால் பார்ப்பதற்காகத்தான் அவள் குறிகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றியிருந்தாள்.

இந்தக் கருக்களின் தந்தை எலிகள் பயப்படப் பழக்கப்பட்டவை. ஒரு மெல்லிய கூவல் கேட்கும். கேட்டதும் காலடியில் சுரீரென்று மின்சாரம் பாயும். சில நாளில் கூவலுக்கே அவை உடம்பைச் சுருட்டிக்கொண்டன.

சன்னல் இல்லாத அந்த ஆய்வறையில் பகலும் இரவும் ஒன்றுதான். கருக்களைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டியின் உறுமல், அதற்குள் வாயு கசியும் சீறல், ஸ்பிரிட் வாடையோடு சட்டைக் கையில் தொற்றிக்கொண்டு வந்த எலிக்கூண்டின் மரத்தூள் நெடி. இவற்றுக்கு நடுவே பெட்டியின் கதவு சரியாக மூடாமல் எச்சரிக்கை மணி கூவியது. ஏறக்குறைய அதே கூவல்.

நுண்ணோக்கிக்குக் கீழே தட்டிலிருந்த அத்தனை கருக்களும் ஒரே நேரத்தில் சுருங்கின.

காது இல்லை. நரம்பு இல்லை. முகமென்று ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சுருங்கின.

பேராசிரியரைக் கூட்டி வந்து, பெட்டிக் கதவைத் திறந்து மணியை மறுபடி கூவவிட்டுக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"விதை ஒன்னு போட்டா சுரை ஒன்னா முளைக்கும்? அப்பன் கோழைன்னா புள்ளையும் கோழை." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "மேசை அதிர்ந்திருக்கும்மா. வேற ஒன்னுமில்ல."

"பக்கத்துத் தட்டுலயும் கரு இருக்கு சார். அதுங்களோட அப்பனுக்கு இந்தச் சத்தம் தெரியாது. அதுங்க அசையவே இல்லையே."

அவர் மறுபடி குனிந்தார். இந்த முறை நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, "நீ வீட்டுக்குப் போம்மா" என்று மட்டும் சொன்னார்.

பேருந்தில் அவள் சன்னலோரம் உட்கார்ந்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. அவள் கணவன் இரண்டு வருடத்துக்கு முன்னால் இடிந்து விழுந்த ஒரு கட்டடத்துக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்பட்டவன். கூட இருந்த அவன் தம்பி உயிரோடு வரவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை, அவளும் கிளறியதில்லை. பிள்ளை தங்கியது அதற்கப்புறம்தான். எலி வேறு, மனுசன் வேறு என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது.

வீட்டுக் கதவைத் திறந்து விளக்கைப் போடும்போது வயிற்றுக்குள் அது தொடங்கியது. உதையல்ல. புரளலும் அல்ல. அடுத்தடுத்து இரண்டு; கொஞ்சம் பொறுத்து ஒன்று. மறுபடி இரண்டு. மறுபடி ஒன்று.

மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"விக்கலா இருக்கும்மா. வயித்துக்குள்ள குழந்தைங்க விக்கும். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, சரியாயிடும்."

படுத்தாள். சரியாகவில்லை.

கணவன் வேலை முடிந்து வந்தான். சாவியை மேசையில் போட்டான். அவள் படுத்திருந்த விதத்தைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன, உன் ஆளு ஆட்டம் போடுறானா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளங்கையை வயிற்றில் வைத்தான்.

இரண்டு. பிறகு ஒன்று.

சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றது. முகத்தில் ரத்தமில்லை. கையை எடுக்கப் பார்த்தான், முடியவில்லை.

"எப்பலேர்ந்து?"

"சாயங்காலத்துலேர்ந்து. ஏன், என்னாச்சு?"

அவன் குரல் புழுதி அடைத்ததுபோல் வந்தது.

"சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இருந்தான். பேச்சுக் கேக்கல. கல்லால தட்டிட்டே இருந்தான். இதே மாதிரி. நானும் திருப்பித் தட்டினேன், இருக்கேன்னு சொல்ல."

"அப்புறம்?"

"முதல்ல வேகமாத்தான் தட்டினான்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "அப்புறம் மெதுவாயிடுச்சு."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரிடம் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். போய் என்ன சொல்வது? எதைத் துடைக்கச் சொல்வது? துடைக்கும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

உள்ளே இரண்டு. இடைவெளி. ஒன்று.

அவன் குனிந்தான். வயிற்றின்மேல் நகத்தால் மெல்லத் தட்டினான். உள்ளிருந்து உடனே பதில் வந்தது, அவசரமாக, இத்தனை நேரம் காத்திருந்தது போல. அவன் கன்னத்தை அவள் தோலோடு ஒட்டிக்கொண்டான்.

"இருக்கேன்டா தம்பி. தூங்கிடாதடா. வந்துட்டே இருக்காங்க."

அவள் மூச்சை அடக்கிக் கேட்டாள்.

இரண்டு.

அவன் தட்டினான். மறுபடி தட்டினான்.

அடுத்த ஒன்று வர நேரமாயிற்று.