நாலாம் கட்டிலுக்குக் காய்ச்சல் இல்லை

நாலாம் கட்டிலில் கிடந்த வீரகத்தி காலை எட்டு மணிக்குச் செத்துப் போனார்.

பத்து மணிக்கு அவருடைய உடல் வெப்பம் 98.4.

மிகவும் நல்ல வெப்பம். உயிரோடு இருக்கிறவர்களுக்கே அப்படி அமைவது அருமை!

கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய காய்ச்சல் அட்டை அப்படித்தான் சொன்னது. நீல மையில், கோணாத எழுத்தில், ஒரு வெட்டுத் திருத்தம் இல்லாமல் சொன்னது.

முதிரையடிக்குளம் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வாட்டில் எல்லா அட்டைகளும் அப்படித்தான். ஆள் எப்படிப் போனாலும் அட்டை அழகாக இருக்கும்.

பத்தரைக்கு முல்லைத்தீவுப் பொலிஸ் நிலையத்தில் டெலிபோன் அலறியது. இன்ஸ்பெக்டர் ஹலீம் எடுத்தார்.

"முதிரையடிக்குளம் ஆஸ்பத்திரிப் பெரிய மிஸ்ஸி இராசேஸ்வரி கதைக்கிறன். என்ரை வாட்டில ஒரு கொலை நடந்திருக்கு."

"செய்தது ஆர் எண்டு தெரியுமோ?"

"தெரியும். மருந்தறையில பூட்டி வைச்சிருக்கிறன். கெதியா வாங்கோ. எனக்கு வாட்டுக் கழுவுவிக்க வேணும்."

ஹலீம் பதினெட்டு வருடமாகப் பொலிஸ். அழுதுகொண்டு கொலை சொன்னவர்களைக் கண்டிருக்கிறார். சிரித்துக்கொண்டு சொன்னவர்களையும் கண்டிருக்கிறார். தரை கழுவ அவசரப்பட்ட ஒருவரை இன்றுதான் காணப் போகிறார்.

ஜீப் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தது.

பெரிய மிஸ்ஸி வாசலில் நின்றார். வாட்டுக்குத் தலைவி அவர்தான். கஞ்சி போட்ட தொப்பி. கஞ்சி போட்ட முகம். இடுப்பில் ஒரு கொத்துத் திறப்பு.

சப்பாத்தைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார். இன்ஸ்பெக்டர் துடைத்தார். அந்த வாட்டுக்குள் துடைக்காமல் நுழைந்தது சாவு ஒன்றுதான்.

உள்ளே பன்னிரண்டு கட்டில். பன்னிரண்டு போர்வை. எல்லாம் ஒரே மடிப்பு. நோயாளிகளும் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். ஒருவருக்கு இருமல் வந்தது. தலையணையைக் கடித்து விழுங்கினார்.

பெரிய மிஸ்ஸி நடந்ததைச் சொன்னார். வழக்கை அவரே நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டவர் போலச் சொன்னார்.

வீரகத்தி வேலணைப் பக்கத்து ஆள். குளத்துக்குக் கீழே குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து நெல் விதைக்கிறவர். ஒன்பது நாளுக்கு முன்னர் மலேரியாக் குளிர்காய்ச்சலோடு வந்தார். நாலே நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருகிற டாக்குத்தர் அட்டையைப் பார்த்தார். திருப்தி. கொயினா மருந்தை நிற்பாட்டச் சொன்னார். சனிக்கிழமை வீட்டுக்கு விடுவதாக இருந்தது. இன்று வியாழன்... ஆள் பிணம்.

"காய்ச்சல் இல்லாத மனிசன் காய்ச்சலில சாகேலாது. ஆகவே நஞ்சு" என்றார் பெரிய மிஸ்ஸி.

சாட்சியும் வைத்திருந்தார். நாலாம் கட்டிலுக்குக் கீழே அகப்பட்ட ஒரு கிளாஸ். அடியில் கொஞ்சம் மங்கல் தண்ணீர். அதைக் கொடுத்தவள் தாதி கமலாசனி. அவளே ஒத்துக்கொண்டாள். வேலைக்கு வந்து பத்து மாதம்தான். திமிர் பிடித்தவள். காலையில்கூட வேறொரு கட்டிலின் அட்டையில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டாள். அதற்காக ஆறரையில் இருந்து பத்து மணி வரை வெளி விறாந்தையில் நிற்க வைத்தாராம். தண்டனை முடிந்ததும் நேரே நாலாம் கட்டிலுக்குப் போனாள். பத்தேகாலுக்கு ஆள் செத்துக் கிடந்தார்.

"பத்துக்கு உயிரோட இருந்தவர் எண்டு எப்பிடித் தெரியும்?"

"அட்டை இருக்கே."

"அட்டை பிழைக்காதோ?"

"என்ரை வாட்டில பிழைக்காது. இருபது வருசம்."

இன்ஸ்பெக்டர் வீரகத்தியின் கையைத் தூக்கினார். கை வரவில்லை. விறைத்த பனைமட்டை போல முழு ஆளும் சேர்ந்து அசைந்தது.

பத்து மணிக்குச் செத்தவன் பன்னிரண்டுக்குள் இப்படி விறைப்பதில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. செத்தவரின் தலைமுடி வகிடு எடுத்துச் சீவப்பட்டிருந்தது. போர்வை கழுத்து வரை, சுருக்கம் இல்லாமல். நஞ்சு குடித்துத் துடித்தவன் தலை சீவிக்கொண்டா துடித்தான்?

அட்டையைக் கழற்றிப் பார்த்தார். காய்ச்சல் 102-இல் தொடங்கி, நாளுக்கு ஒரு படியாக, மரியாதையாக இறங்கியிருந்தது. குளிர்காய்ச்சல் அப்படி இறங்குகிற சாதி இல்லை. ஏறும், விழும், திரும்ப ஏறும். ஹலீம் வன்னியில் பிறந்தவர். அவருக்குச் சின்ன வயதில் அது வருடா வருடம் வந்த விருந்தாளி.

இன்றைய வரியைப் பார்த்தார். காலை ஆறு... பத்து... பிற்பகல் இரண்டு... மாலை ஆறு.

எல்லாக் கட்டமும் 98.4.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால்.

இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இந்தப் பிணம் சுகமாகத்தான் இருக்கப் போகிறது!

பெரிய மிஸ்ஸியிடம் அவர் அதைச் சொல்லவில்லை. மருந்தறைத் திறப்பை மட்டும் கேட்டு வாங்கினார்.

கமலாசனிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மருந்து அலுமாரியில் சாய்ந்து நின்றாள். அழுது முடித்திருந்தாள்.

"எனக்குத் தூக்கோ, ஐயா?"

"அதை நீதவான் பாப்பார். கிளாசில என்ன, பிள்ளை?"

"கொயினா. நேற்றுப் பின்னேரம் குடுத்தனான். டாக்குத்தர் நிப்பாட்டினதைக் குடுத்தது பிழைதான்."

"தெரிஞ்சும் ஏன் குடுத்தனீர்?"

"நெத்தியில தொட்டனான். கை சுட்டது."

"பெரிய மிஸ்ஸியிட்டைச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். அவா அட்டையைத் தூக்கிக் காட்டினவா. உம்மடை கை பெரிசோ, அட்டை பெரிசோ எண்டு கேட்டவா."

நேற்று வீரகத்தியின் மனைவி பத்மாசனி பார்க்க வந்தபோதும் இதேதான் நடந்ததாம். அந்த மனிசியும் தொட்டுவிட்டு, அடுப்பு மாதிரிக் காயுது என்று கத்தியிருக்கிறாள். பெரிய மிஸ்ஸி அவளுக்கும் அட்டையைக் காட்டினார். நீர் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். பத்மாசனி வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் கிளாசில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது. கொயினாவேதான். வன்னிக்காரன் அந்தக் கசப்பைத் தூக்கத்திலும் மறக்கமாட்டான்.

"காலைமை ஒரு கட்டத்தை வெறுமையா விட்டனீராம். ஏன்?"

கமலாசனி நிலத்தைப் பார்த்தாள்.

"எழுத ஒண்டும் இருக்கேல்லை, ஐயா."

அதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை. தூக்குக்குப் பயந்தவள், அதைவிடப் பெரிதாக வேறெதற்கோ பயந்தாள்!

இன்ஸ்பெக்டர் முற்றத்தைக் கடந்து பிரசவ வாட்டுக்குப் போனார். அங்கே யாரும் சப்பாத்தைத் துடைக்கச் சொல்லவில்லை. குழந்தைகள் கத்தின. தாதிகள் அவற்றைவிடக் கத்தினார்கள். பொறுப்பாக இருந்த அருந்ததி மிஸ்ஸி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் தேத்தண்ணியுமாக வந்தார்.

அவருடைய அட்டைகளை ஹலீம் புரட்டினார். வெட்டு, கொத்து, மைக்கறை. சில கட்டங்களில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் 'நேரம் கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தது. ஹலீமுக்கு அந்த அட்டைகள் மேல் உடனே நம்பிக்கை வந்தது.

"வெறுமையா விட்டால் பேசமாட்டீங்களோ, மிஸ்ஸி?"

"பேசுவன். பொய் எழுதினால்தான் அடிப்பன்" என்றார் அருந்ததி. "இந்த வருசம் மூண்டு தெர்மாமீற்றர் உடைச்சுப் போட்டாளவை. உடைச்ச உடனை ஓடிவந்து சொன்னாளவை. நானும் எழுதிப் புதுசு எடுப்பிச்சன்."

இன்ஸ்பெக்டர் அப்படியே நின்றார்.

"அந்த வாட்டில இந்த வருசம் எத்தினை உடைஞ்சுது?"

"ஒண்டும் இல்லையாம். அவா பெருமையாச் சொல்லுறவா."

ஹலீம் ஒரு தெர்மாமீற்றரை இரவல் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஆண்கள் வாட்டுக்குத் திரும்பினார். கமலாசனியையும் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினார். பிறகு அஞ்சாம் கட்டிலைக் காட்டி, அந்த ஆளுக்கு இப்போதே காய்ச்சல் பார்க்கச் சொன்னார்.

பெரிய மிஸ்ஸி திரும்பாமலே கையை நீட்டினார். "இராசமலர், தெர்மாமீற்றர்."

மற்றத் தாதி இராசமலர் தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். மினுக்கிய வெள்ளித் தட்டம். நடுவில் மினுக்கிய உலோகக் கூடு. கூடு கிணுகிணுத்தது.

பெரிய மிஸ்ஸி கூட்டைத் திறந்து கவிழ்த்தார்.

ஒரு துண்டுப் பஞ்சு விழுந்தது.

வேறொன்றும் விழவில்லை.

பதினொரு நோயாளிகளும் முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"எத்தினை நாளா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

இராசமலர் உதட்டைக் கடித்தாள். "இருபத்திமூண்டு நாள்."

இருபத்துமூன்று நாட்களாக அந்த வாட்டில் தெர்மாமீற்றர் இல்லை! இல்லையென்று சொல்ல ஒருத்திக்கும் தைரியம் இல்லை. சொன்னவள் உடைத்தவள் ஆவாள். பக்கத்து வாட்டில் இரவல் வாங்கவும் வழியில்லை. பிற வாட்டுச் சாமான் உள்ளே வரக்கூடாது என்பது பெரிய மிஸ்ஸியின் சட்டம். கட்டம் வெறுமையாக இருந்தால் விறாந்தையில் நிற்க வேண்டும். காய்ச்சல் இறங்காவிட்டால், நீர் என்ன வேலை பார்க்கிறீர் என்ற கேள்வி வரும். ஆகவே எல்லாருடைய காய்ச்சலையும் பேனையால் இறக்கினார்கள். காலையிலேயே முழு நாளைக்கும் எழுதி முடித்தார்கள்.

பெரிய மிஸ்ஸிக்கு வெறும் கட்டம்தான் கண்ணுக்குத் தெரியும். நிரம்பிய கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

இன்ஸ்பெக்டர் பைக்குள் இருந்ததை எடுத்துக் கமலாசனியிடம் நீட்டினார். அவள் அஞ்சாம் கட்டில்காரனின் நாக்குக்குக் கீழே வைத்தாள். இரண்டு நிமிடம் கழித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நூற்றி மூண்டு தசம் ரெண்டு" என்றாள்.

அட்டையில் 98.4.

"இவருக்கும் கொயினாவை நிப்பாட்டியாச்சோ?"

"செவ்வாய்க்கிழமை, ஐயா."

"கொண்டுவந்து குடும், பிள்ளை. அனுமதியை நான் எடுத்துத் தாறன்."

அப்போது வாளியோடு நின்ற வாட்டு வேலைக்காரர் இளையதம்பி தொண்டையைச் செருமினார். வேலைக்காரர் பெரிய மிஸ்ஸிக்கு முன்னால் கதைப்பதும் சட்டப்படி குற்றம். பன்னிரண்டு வருடமாக அவர் அந்தக் குற்றத்தைச் செய்ததில்லை.

"ஐயா... வீரகத்தி எட்டு மணிக்கே முடிஞ்சுது. தேத்தண்ணி குடுக்கப் போய்க் கண்டனான். எட்டரைக்கு மிஸ்ஸி சுத்திப் பாக்க வாற நேரம். அந்த நேரத்தில பிணம் கிடந்தால் எங்களைத் திண்டுபோடுவா. இராசமலர்ப் பிள்ளையும் நானும் சேந்து நிமித்தி, தலை சீவி, போர்த்து விட்டம்."

"மிஸ்ஸி வந்து பாக்கேல்லையோ?"

"பாத்தவா. நாலாம் கட்டிலைப் பாருங்கோ, எவ்வளவு ஒழுங்கா இருக்கிறார், பாத்துப் படியுங்கோ எண்டு மற்றவைக்குச் சொன்னவா."

ஆறாம் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். தலையணையைக் கடிக்காமலே சிரித்தார்கள்.

பெரிய மிஸ்ஸியின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. கடைசியில் வாய் திறந்தது. வீரகத்தியைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. அஞ்சாம் கட்டிலைப் பற்றியும் வரவில்லை.

"உடைச்சவள் ஆர்? என்ரை தெர்மாமீற்றரை உடைச்சவள் ஆர்?"

இராசமலர் தட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஆர் எண்டு கேக்கிறன்!"

கமலாசனி ஒரு அடி முன்னால் வந்தாள். நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கினாள். புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு.

"நீங்கள்தான், மிஸ்ஸி."

"என்ன?"

"ஒரு கட்டம் வெறுமையா இருந்ததுக்கு எனக்குத் தட்டத்தாலை எறிஞ்சனீங்கள். தெர்மாமீற்றர் அதுக்குள்ளதான் இருந்தது."

பெரிய மிஸ்ஸி அவளைப் பார்த்தார். நடிப்பு இல்லை. உண்மையாகவே நினைவில்லை! அன்று காலை மட்டும் அவர் எறிந்த சாமான்கள் அஞ்சு. இதை யார் நினைவில் வைப்பது?

எறிந்தவருக்கு மறந்துபோயிற்று. எறிபட்டவள் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி, இரத்தத்தைத் துடைத்து, வெறும் கூட்டை மினுக்கித் தட்டத்தில் வைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டார். இங்கே நஞ்சு இல்லை என்றார். அட்டையைப் பார்த்து டாக்குத்தர் மருந்தை நிற்பாட்டினார். காய்ச்சல் வீரகத்தியை இருந்த இடத்திலேயே எரித்து முடித்தது. மிச்சத்தை முல்லைத்தீவில் நீதவான் கேட்பார் என்றார். பன்னிரண்டு அட்டைகளும் வர வேண்டும். பெரிய மிஸ்ஸியும் வர வேண்டும்.

பெரிய மிஸ்ஸி கதிரையில் பொத்தென்று இருந்தார். தொப்பி சரிந்தது. கண் சொருகியது.

"எனக்கு... உடம்பு காயுது. காய்ச்சல். என்னாலை வரேலாது."

இராசமலர் பதறிப் போனாள். பழகிய கை. ஒரு புது அட்டையை இழுத்து, பேரை எழுதி, முழு நாளுக்குமான கட்டங்களை மளமளவென்று நிரப்பிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் ஹலீம் அதை வாங்கிப் பார்த்தார்.

"தொண்ணூற்றெட்டு தசம் நாலு, மிஸ்ஸி. பின்னேரம் ஆறு மணி வரைக்கும் சுகமாத்தான் இருக்கப் போறீங்கள்."

"ஐயோ, தொட்டுப் பாருங்கோ... கொதிக்குது..."

"உங்கடை உடம்பு பெரிசோ, அட்டை பெரிசோ? ஜீப்பில ஏறுங்கோ!"