அலசாத கைக்குட்டை

கோயம்புத்தூரிலிருந்து தங்கை குசுமாவதியைப் பார்க்க திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை கிராமத்துக்கு வந்திறங்கிய வர்த்தமானன், பையை வைத்த கையோடு கேட்ட முதல் கேள்வி, "இங்க பறவைங்க எங்க ஜாஸ்தி?" என்பதுதான். ஏழு வருடம் ஏங்கி, இப்போது நிறைமாத வயிற்றோடு நிற்கிறவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"என்னப் பாக்க வந்தியா, கொக்கப் பாக்க வந்தியா? ஏரிப் பக்கம் போ. பொழுது சாயறதுக்குள்ள வந்துடு, இல்லன்னா பட்டினிதான்."

சமண வீடு. இருட்டிய பிறகு சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. எழுபத்தெட்டாம் வருடத்து மார்கழி வேறு, பொழுது சீக்கிரம் போய்விடும்.

ஏரியில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை. தலைக்கு மேல் பறந்த நாரைகளின் பின்னாலேயே போனவன், கருவேல மரங்கள் சூழ்ந்த ஒரு குட்டையைக் கண்டு நின்றுவிட்டான். கிளையெல்லாம் நாரை, கொக்கு, நீர்க்காகம். ஒன்றுகூடத் தண்ணீரில் இறங்கவில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. அத்தனையும் குட்டையின் ஒரே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சத்தமே இல்லை. அழுகிய பாசி நாற்றம் மட்டும்.

"இதுல தண்ணி குடிச்சிடாதீங்க சார்." ஆடு ஓட்டிக்கொண்டு போன ஊர்க்காரி பொன்னி குரலைத் தாழ்த்தினாள். "ஆடுங்ககூட வாய வெக்காது. போன வருஷம் முழுகாம இருந்த பொண்ணு ஒருத்தி வுழுந்துட்டா. பொணத்த எடுத்தாச்சு. அவ இன்னும் போகலைங்க."

அவள் தலை மறைந்ததும் சிரித்துக்கொண்டான். தாகத்துக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமா? பையிலிருந்த செம்பை எடுத்து, அதன் வாயில் கைக்குட்டையை விரித்து, அந்த மூலையிலேயே மொண்டு வடிகட்டிக் குடித்தான்.

துணியில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் கனத்தது.

வடிகட்டிய துணியை அதே தண்ணீரில் அலச வேண்டும். சிக்கிய உயிர் எதுவானாலும் தன் இடத்துக்கே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். அலசக் குனிந்தவன் மேற்கே பார்த்தான். சூரியன் பனைமரத் தலைக்கு இறங்கியிருந்தது. சோறு போய்விடுமே என்று துணியைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினான்.

நாலடி நடந்து திரும்பிப் பார்த்தான்.

பறவைகள் இப்போது குட்டையைப் பார்க்கவில்லை.

அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தன.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுப் படுத்தும், அந்தப் பறவைகளின் பார்வை அவனை விடவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகப் போய் அலசிவிடுவது என்று முடிவு செய்த பிறகுதான் கண் மூடினான்.

விடிந்து பார்த்தால் பையில் கைக்குட்டை இல்லை.

கொல்லைப்புறத்துக்கு ஓடினான். கொடியில் அது சொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் குசுமாவதி குடத்தோடு நின்றாள்.

"ஏண்ணா, வடிகட்டின துணிய அலசாம வெச்சிருந்தியே, பாவமில்ல? நான்தான் நம்ம கிணத்துத் தண்ணில அலசி, கிணத்துலயே ஊத்தினேன்."

"நீ... அந்தத் தண்ணியக் குடிச்சியா?"

"குடிக்காம? ராத்திரி பூரா வறண்டு கெடந்தேன். ஒரு செம்பு குடிச்சதும் புள்ள என்னமா உதைக்குது தெரியுமா!"

மெல்ல நிமிர்ந்து பார்த்தான். மதில்மேல் காகங்கள், முருங்கையில் மைனாக்கள், ஓட்டு விளிம்பில் சிட்டுக்குருவிகள். ஒன்றும் கத்தவில்லை.

"குசுமா, அங்கயே நில்லு."

"என்னண்ணா நீ, காலங்காத்தால..."

சிரித்தபடி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள்.

அத்தனை தலைகளும் அவள் வயிற்றைத் தொடர்ந்து மெல்லத் திரும்பின.