கூத்து முடியும்வரை

தோட்டவெளிக்கு அப்பால், கடற்கரையோரப் பழைய கூத்து மண்டபத்துக்குப் பெற்றிசியா வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. அவள் கணவன் டொமினிக்குக்கு அன்று அரசன் வேஷம். பெற்றிசியா வாய் ஓயாத மனுசி. போன வருஷம் அவள் பக்கத்துக் கதிரையில் இருந்தவளோடு அளந்த கதை மேடைவரை கேட்டு, டொமினிக் பாட்டையே கோட்டை விட்டுவிட்டான். அதனால் இம்முறை புறப்படும்போதே கெஞ்சியிருந்தான்.

"இண்டைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு இரும்."

ஓம் என்றவள் மண்டபத்தில் அமர்ந்ததும் போனையும் நிறுத்தினாள். மற்றச் சனத்துக்கு அந்த வெட்கம் இல்லை. பின்னால் ஒருவர் போனில் மாட்டுக்கு விலை பேசினார்; முன்னால் ஒருத்தி கனடாவுக்கு மேடையை வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள்.

விளக்குகள் அணைந்தன. பக்கத்து வெறுங் கதிரையில் யாரோ மெல்ல வந்து அமர்ந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு மணத்தது. முக்காடிட்ட ஒரு வயதான மனுசி.

மத்தளம் ஒலித்ததும் மண்டபமே ஒரேயடியாக அடங்கியது. அழுதுகொண்டிருந்த குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. நல்ல சனம்தான் என்று பெற்றிசியா நினைத்தாள்.

அரசன் சாகும் கட்டம் வந்தது. ஈட்டி பட்டதும் வலக்கையை ஊன்றி மெதுவாகச் சரிய வேண்டும்; வீட்டில் அவள் முன்னால் அப்படித்தான் பழகினான். இன்று இடது தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே விழுந்தான். தை மாதம் நெஞ்சு வலி வந்தபோதும் அங்கேதான் பிடித்தான்.

இது நடிப்பில்லை.

அவள் எழும்பப் பார்த்தாள். சில்லென்ற கை ஒன்று மணிக்கட்டைப் பிடித்தது.

"கூத்து முடியாமல் எழும்பக் கூடாது, பிள்ளை."

கால்கள் அசையவில்லை. கத்த வாயைத் திறந்தாள். மூச்சுத்தான் வந்தது.

மேடையில் அரசனைச் சுற்றி நின்று ஒப்பாரி பாடினார்கள். என்ன அருமையாக நடிக்கிறான் என்று சனம் கண்ணைத் துடைத்தது. டொமினிக்கின் கண்கள் இருட்டுக்குள் அவளைத் தேடின. கண்டுபிடித்தும் விட்டன. உதடுகள் அவள் பெயரைச் சொல்ல முயன்றன.

எழும்பு. கத்தடி. தன்னையே கெஞ்சினாள்.

ஒப்பாரி ஒவ்வோர் அடியாக நீண்டது.

அது முடியுமுன் அவன் கண்கள் அசைவதை நிறுத்திவிட்டன.

திரை விழுந்தது. கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. மணிக்கட்டை விட்டது அந்தக் கை. அப்போதுதான் அவள் அலறல் வெளியே வந்தது. பின்வரிசையில் இருந்த தங்கை சுவேதினி ஓடி வந்தாள். பக்கத்துக் கதிரை தொடக்கத்திலிருந்தே வெறுமையாகத்தான் கிடந்தது என்று சுவேதினி பிறகு அடித்துச் சொன்னாள்.

உயிர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் எழுதிக் கொடுத்தார்.

அடக்கத்தன்று பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். சுவாமியார் செபம் சொல்லி முடித்தார். முதல் பிடி மண் விழுந்தது.

உள்ளேயிருந்து விரலால் தட்டும் சத்தம் கேட்டது.

வேறு யார் முகத்திலும் மாற்றமில்லை. பெற்றிசியா கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

காதருகே, ஈரச் சுண்ணாம்பு மணத்தோடு, யாரோ "உஷ்" என்றார்கள்.

மண் விழுந்துகொண்டே இருந்தது.