ராத்தாவின் காருக்குப் புதுச் சாவி

சாவி செய்கிறவர் வந்து சேர்ந்தபோது பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கல்முனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். கிசோக் என்று பெயர். முதுகில் ஒரு பை, பின்னால் கட்டிய பெட்டி. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, தகரக் கொட்டிலுக்குக் கீழே நின்ற காரைப் பார்த்தார்.

"இதானா அக்கா?"

"ஓம், இதுதான்" என்றேன். அதற்கு மேல் பேசியிருந்தால் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்திருக்காது.

அது என் ராத்தா, என்னோடு கூடப்பிறந்த அக்கா, றுமைஸாவின் கார். வரிப்பத்தான்சேனைப் பாடசாலையில் அவள் ஆசிரியை. ஊரே பெற்றோல் வரிசையில் வெயிலில் காய்ந்த காலத்தில், தன் நகைகளை விற்று இந்த மின்சாரக் காரை வாங்கினாள். சிரித்தவர்களுக்கு முன்னால் சத்தமில்லாமல் ஓட்டிப் போனாள். ஜப்பானில் யாரோ பாவித்துக் கழித்த கார் என்பதால் ஒரேயொரு ஸ்மார்ட் சாவிதான் கூட வந்தது. அதைக் கையில் எடுக்கக்கூடத் தேவையில்லை, பைக்குள் கிடந்தால் போதும். அவள் கிட்டப் போனதும் மடங்கியிருக்கும் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் தாமாக விரியும், கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும். "என்னக் கண்டதும் காத விரிக்கிது பாரு" என்று சிரிப்பாள்.

மருதமுனையில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. இப்போது அவள் கடற்கரை மையவாடி மண்ணுக்குள் கிடக்கிறாள். நாற்பதாம் நாள் கத்தமும் ஓதியாயிற்று.

அவளுக்குச் சிறுவயதிலிருந்தே முட்டு, ஆஸ்துமா. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் மூச்சு முட்டியது. மருந்து இழுக்கிற நீலப் பம்ப் காருக்குள் கிடந்தது. கார் பூட்டியிருந்தது, சாவியைக் காணவில்லை. அலுமாரிகளைத் திறந்து, லாச்சிகளை நிலத்தில் கொட்டி, வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள். பிறகு கல்லை எடுத்துக் கார்க் கதவுக் கண்ணாடியில் அடித்திருக்கிறாள். கைகளில் பலமில்லை. கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கீறல் மட்டும் விழுந்தது. பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்ததால் அந்தச் சத்தம் அயலுக்குக் கேட்கவில்லை. நான் மட்டக்களப்பில் வேலையில் இருந்தேன், உம்மாவும் வெளியே போயிருந்தா. தொழுதுவிட்டு வந்த அவள் புருஷன், என் மச்சான் ஜெஸீம்தான் முதலில் கண்டார். கார்க் கதவில் கையை வைத்தபடி, கண்ணாடி வழியாக அந்தப் பம்பைப் பார்த்துக்கொண்டே அவள் போயிருந்தாள். அன்றைக்கே பொழுது சாய்ந்து மஃரிப் ஆவதற்கு முன் அடக்கிவிட்டார்கள்.

"சாவி காலையிலயே காணாமப் போயிட்டு" என்றார் மச்சான். ஊர் நம்பியது. நான் நம்பவில்லை. என் ராத்தா ஓர் ஊசியைக்கூடத் தொலைக்காதவள்.

புருஷனை இழந்த பெண் மாதக்கணக்கில் மறுமணமின்றி இத்தா இருக்க வேண்டும். பெண்சாதியை இழந்த ஆணுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கத்தச் சோறு ஆறுவதற்குள் பெரிய மாமா மீராமுகைதீன் கணக்கை முடித்துவிட்டார். வீடு எங்கள் உம்மா ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது, ராத்தாவின் மகள் றிபா சின்னப்பிள்ளை, வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் பிள்ளை சீரழியும், ஆகவே தங்கச்சி ஸம்றாவையே ஜெஸீமுக்குக் கல்யாணம் முடித்துவைப்போம். ஸம்றா என்பது நான். என் பதிலைக் கேட்க அன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மச்சான் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரை விற்பதற்குச் சாவி செய்ய ஆளைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். எனக்கு நெஞ்செல்லாம் பற்றி எரிந்தது. அந்தச் சாவி உண்மையிலேயே தொலைந்ததா? அது தெரியாமல் இந்த மனிதனோடு ஒரு கூரையின் கீழ் எப்படி வாழ்வது?

கிசோக் காரை நோக்கி நடந்தார். நானும் மச்சானும் பின்னால் நின்றோம்.

பக்கக் கண்ணாடிகள் விரிந்தன.

மெதுவாக, இரண்டும் ஒன்றாக.

கிசோக் நின்றார். "சாவி ஆரிட்ட அக்கா இருக்கு?"

"சாவி இல்லாமத்தானே உம்மக் கூப்பிட்ட" என்று மச்சான் சீறினார்.

"இல்ல அண்ண, சாவியோட ஆள் பக்கத்தில நிண்டாத்தான் இது விரியும்."

மச்சான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். தடவிய கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அதை நான் கவனித்தேன்.

கதவை நெம்புவதற்கு எடுத்த கம்பிக்கு வேலையே இருக்கவில்லை. கிசோக் கைப்பிடியைத் தொட்டார். நாற்பது நாளாக யார் இழுத்தும் அசையாத கதவு திறந்தது.

உள்ளேயிருந்து வாடை வந்தது.

கற்பூரம். அதற்கு அடியில் ஈர மண். ராத்தாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய அறையில் நின்ற அதே வாடை. வாசலில் நின்ற உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டா.

ஓட்டுகிற இருக்கையில் மணல் கிடந்தது. எங்கள் ஊர் மேல்மணல் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆழமாகத் தோண்டினால்தான் கறுத்து, ஈரமாக வரும். இருக்கையில் கிடந்தது கறுப்பு மணல். ஒரு பிடியளவு, அப்போதுதான் கொட்டியது மாதிரி ஈரமாக இருந்தது.

கிசோக் மணலைத் தட்டிவிட்டு, குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே தன் கருவியைச் செருகினார். பழைய சாவியைக் காரின் ஞாபகத்திலிருந்து அழித்துவிட்டுப் புதியதைப் பதிய வேண்டும், அதுதான் வேலை என்று முன்னமே சொல்லியிருந்தார். திரையைத் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். கழுத்தில் வியர்வை வழிந்தது.

"என்ன?" என்றேன்.

"அழிச்சிட்டன் அக்கா. திரும்பவும் ஒரு சாவி எண்டு காட்டுது." திரையை என் பக்கம் திருப்பினார். "சாவி காருக்குள்ள இருக்கெண்டு காட்டுது."

"நீங்க கொண்டுவந்த புதுச் சாவியா இருக்கும்."

அவர் மோட்டார் சைக்கிளைக் காட்டினார். புதுச் சாவி உறை பிரிக்காமல் பெட்டிக்குள் கிடந்தது.

"வேல தெரியாட்டி தெரியாதெண்டு செல்லும்!" மச்சான் அவரைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தார். "இந்தப் பட்டன அமத்தினாச் சரிதானே. நான் பாக்கன்."

கதவு சாத்திக்கொண்டது.

அவர் சாத்தவில்லை. அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

டக்.

நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டின.

முதலில் மச்சான் கைப்பிடியை இழுத்தார். பிறகு பொத்தான்களைக் குத்தினார். பிறகு கண்ணாடியில் அடித்தார், ராத்தா கல்லால் அடித்த அதே கண்ணாடியில். அந்த வெள்ளைக் கீறலுக்குப் பின்னால் அவர் வாய் திறந்து மூடியது. கண்ணாடியில் உள்பக்கம் பனி படரத் தொடங்கியது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

விசில் மாதிரி உள்ளே இழுத்து, பாதியில் அடைபட்டு, மறுபடி இழுக்கிற மூச்சு. மச்சானுக்குப் பிறந்ததிலிருந்து முட்டு வந்ததில்லை.

"யா அல்லாஹ்" என்று உம்மா கதவுநிலையைப் பிடித்தா. "இது எண்ட மகள்ட முட்டு."

கிசோக் ஓடிப்போய்ப் புதுச் சாவியின் உறையைக் கிழித்து என் கையில் திணித்தார். "இதுக்குள்ள ஒரு சின்னச் சாவி இருக்கு அக்கா. கதவுப் பூட்டுக்கு அத வெட்டித் தாறன், கொஞ்சம் பிடியுங்க" என்று பெட்டியில் இயந்திரத்தைத் தேடினார். அவசரத்தில் எல்லாவற்றையும் கீழே கொட்டினார்.

நான் சாவியைப் பிடித்தபடி கண்ணாடிக்குக் கிட்டப் போனேன். பயம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

"சாவி எங்க மச்சான்?"

அவர் தலையை ஆட்டினார்.

"ராத்தாட சாவி எங்க? செல்லுங்க!"

"கதவத் திறகா... மூச்சு..."

"அவளுக்கும் இப்பிடித்தான் இரிந்திருக்கும். சாவி எங்க?"

பனி படர்ந்த கண்ணாடியில் நெற்றியை வைத்து, இழுத்து இழுத்துச் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் உம்மாவுக்கும் கேட்டது, கிசோக்குக்கும் கேட்டது.

"நான்தான் எடுத்த... பொஞ்சாதி ஓட்டப் பக்கத்தில குந்திப் போறவன் எண்டு... பகிடி பண்ணினாங்க. ஒரு நாளைக்கு ஓட்டாம இரிக்கட்டும் எண்டு... சட்டப் பைக்குள்ள போட்டுட்டு ஜும்ஆவுக்குப் போன. மறுகா போன்ல அவள்ட மிஸ்கோல் கண்டன்... சாவிக்குச் சண்ட பிடிக்க எடுக்காள் எண்டு நெனச்சி... கதச்சிக்கிட்டு நிண்டுட்டன்."

"இப்ப எங்க சாவி?"

அவர் அழுதார்.

"கப்றுக்குள்ள இறங்கின நேரமும்... அந்தச் சட்டதான். கபன் முடிச்ச அவிழ்க்கக் குனிஞ்சன். பைக்குள்ள இரிந்து... அவள்ட நெஞ்சில விழுந்திட்டு."

"விழுந்தத கண்டீங்களா?"

மூச்சு விசிலடித்தது.

"கண்டீங்களா!"

"கண்டன்... மேல அத்தன பேரும் நிக்காங்க... எடுத்தாக் காண்பாங்க எண்டு... அப்பிடியே பலகைய வெச்சிட்டன்."

டக்.

பூட்டுகள் திறந்தன. புதுச் சாவி என் கையில் சும்மாதான் இருந்தது. கதவு திறந்து மச்சான் நிலத்தில் விழுந்தார். விழுந்த வேகத்தில் மூச்சு வந்துவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கையில் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மெல்ல மடங்கின, சாவியை வைத்திருந்தவர் விலகிப் போனது மாதிரி.

மஃரிபுக்குப் பிறகு மாமா வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். தாடியைத் தடவினார்.

"நடந்தது நடந்துட்டு. அவன் அவள் சாகணும் எண்டா செய்தான்? ஆத்திரப்படாம பிள்ளைய யோசிகா."

"அப்படியெண்டா உங்கட மகளை முடிச்சுக் குடுங்க மாமா" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். ஜெஸீமின் சாரன்களையும் சட்டைகளையும் உம்மா மூட்டையாகக் கட்டி வாசலுக்கு வெளியே வைத்தா. அவர் தன் தாய்வீட்டுக்குப் போனார். கப்றைத் தோண்டுவது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது அவளுடைய சாவி, அவளிடமே இருக்கட்டும்.

மறுநாள் பட்டப்பகலில் கிசோக் இன்னோர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து வேலையை முடித்தார். இந்த முறை எந்தத் தடங்கலும் இல்லை. பழைய சாவி அழிந்துவிட்டது, காருக்கு இனி இந்தப் புதுச் சாவி ஒன்றுதான் என்று திரையை எனக்கே காட்டினார். நான் அதைச் சமையலறை ஆணியில், எல்லாருடைய கண்ணிலும் படும்படி மாட்டினேன். ஓட்டவும் பழகினேன்.

ராத்தாவின் முட்டு அவள் மகளிடமும் இருந்திருக்கிறது. மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை, பாடசாலை உடுப்போடு நின்ற றிபா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதே விசில் மூச்சு. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கொட்டிலுக்குள் பக்கக் கண்ணாடிகள் விரிந்திருந்தன, கதவு திறந்தது. உம்மா பின்னால் ஏறினா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அல்லாஹ் காப்பாற்றினான். மருந்துப் புகையை இழுக்க முகமூடி போட்டதும் றிபாவின் முகத்தில் நிறம் வந்தது. உம்மாவை அவளுடன் விட்டுவிட்டு நான் வெளியே வந்தேன்.

"மிஸ், காரை எடுங்க, அம்புலன்ஸ் வரும்" என்றார் காவலாளி.

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கார் நிறுத்தப்படாமல் அப்படியே தயாராக நின்றது. சாவி எங்கே என்று மடியைத் தடவினேன். கைப்பையைக் கொட்டினேன்.

இல்லை.

அது வீட்டில், சமையலறை ஆணியில் தொங்கியது. அவசரத்தில் நான் அதை எடுக்கவேயில்லை.

முன்திரையில் சாவிப் படம் பச்சையாக ஒளிர்ந்தது. சாவி காருக்குள் இருக்கிறது.

அப்போது பக்கக் கண்ணாடியில் ஜெஸீமைக் கண்டேன். யாரோ செய்தி சொல்லியிருக்க வேண்டும், தலைமுடி கலைந்து, செருப்பில்லாமல் காரை நோக்கி ஓடி வந்தார். "புள்ள எங்க ஸம்றா? புள்ளைக்கு என்ன?" என்று கண்ணாடியில் தட்டினார். என்ன இருந்தாலும் றிபாவைப் பெற்ற வாப்பா. இத்தனை நாள் சுமந்த ஆத்திரத்தில் ஒரு துளி அந்த இடத்தில் இளகியது. கதவைத் திறந்துவிட விரலை நீட்டினேன்.

கற்பூர வாடை வந்தது.

என் விரல் பொத்தானைத் தொடுவதற்கு முன், டக்கென்று நான்கு கதவுகளும் பூட்டின.