மூன்றாம் தொட்டியின் அடைப்புக்குறி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்தச் சாயத் தொழிற்சாலைக்கு பைசல் வந்து இறங்கியது 2006 ஐப்பசியில், பகல் பன்னிரண்டுக்கே விளக்குப் போட வேண்டியிருந்த ஒரு மழை நாளில். எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்தே கணக்குப் போடும் ஒரு ஜாவா லைப்ரரியை நம்பி, எந்தத் தொட்டிக்கு எவ்வளவு நீராவி என்று சொல்லும் புரோகிராம் எழுதியிருந்தான். மூன்று மணிக்குள் அது ஓட வேண்டும். ஓடாவிட்டால் வேலை போய்விடும். பழவேற்காட்டுக் கருவாட்டுக் கடையில் மாமா அவனுக்கென்று ஒரு ஸ்டூலை எப்போதும் காலியாகவே வைத்திருந்தார்.

கம்ப்யூட்டர் அறைக்குப் போகும் வழியில் ஷிஃப்ட் இன்சார்ஜ் சுகிர்தா அந்த இடத்து வழக்கம் ஒன்றைச் சொன்னாள். தொட்டி கழுவ இறங்குகிறவன் செருப்பைத் தொட்டி மூடியின் ஓரம் விட்டுப் போவான். செருப்பு கிடந்தால் யாரும் நீராவி திறக்க மாட்டார்கள். தன் செருப்பு பள்ளிவாசல் வாசலிலேயே தங்குவதில்லை என்றான் பைசல். அவள் சிரிக்கவில்லை.

இரண்டரைக்கு முதல் பிழை. '2x' என்று எழுதியிருந்தான். நடுவில் பெருக்கல் நட்சத்திரம் இல்லாமல் அந்த லைப்ரரி எதையும் தொடாது. போட்டான். அடுத்த பிழை: மூன்றாம் தொட்டியின் வரியில் இரண்டு அடைப்புக்குறிகள் திறந்திருக்கின்றன, மூடவில்லை. இரண்டையும் மூடி ஓட்டினான்.

அதே பிழை.

வரியில் அவன் போட்ட இரண்டும் இல்லை. சேமிக்க மறந்திருப்பான், தன்னைச் சந்தேகப்படுவதில் அவனுக்கு நல்ல அனுபவம். மறுபடி போட்டு, சேமித்து, கைகட்டி உட்கார்ந்தான்.

கண்ணெதிரே ஒன்று அழிந்தது.

பிறகு மற்றது.

ஈரத் துருவின் வாடை வந்தது. மூன்றாம் தொட்டிக்குப் போகும் சுவரோரக் குழாய்க்குள்ளிருந்து, டக். டக்.

நீராவியைக் கையாலேயே திறந்துவிடுகிறேன் என்று சுகிர்தா வால்வை நோக்கி எழுந்தாள்.

"மேடம், மூணாவதுல யாருனா கீறாங்களா?"

"செருப்பு இல்ல தம்பி. பாத்துட்டுதான் வந்தேன்."

"ஒரே ஒரு தபா எட்டிப் பாத்துடலாம். புரோகிராம் ஓடலன்னு நானே எழுதிக் குடுத்துடறேன்."

அவள் வால்வை விட்டுத் திரும்பினாள். டார்ச்சை எடுத்தாள்.

மழைக்காக யாரோ மூடியை இழுத்துவிட்டிருந்தார்கள். அடியில், காலையில் கழுவ இறங்கிய கலியன் மயங்கிக் கிடந்தான். அவன் செருப்பை மழைத்தண்ணீர் சாக்கடைக்கு அடித்துப் போயிருந்தது. கயிறு கட்டித் தூக்கினார்கள். கண் திறந்ததும் சுகிர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"எங்கூட உள்ள குழாயத் தட்டிக்கினே இருந்தாரே, அவர வுட்டுட்டு வந்துட்டீங்களே அக்கா."

டார்ச் மறுபடி உள்ளே சுற்றியது. வெறும் இரும்பு.

பைசல் திரும்பி வந்தபோது, ஆளில்லாத அறையில் ஓர் அடைப்புக்குறி தானாக மூடியிருந்தது.

இன்னொன்று திறந்தே இருந்தது.

மணி மூன்று அடித்தது. வால்வை யாரும் தொடவில்லை. பைசல் தன் செருப்பைக் கழற்றி மூன்றாம் தொட்டியின் மூடி ஓரம் வைத்தான், வெறுங்காலோடு ரயிலேறினான்.

மறுநாள் வந்து பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக, விட்ட இடத்திலேயே செருப்பு இருந்தது.

அதன் உள்பக்கம் ஈரத் துருவில் இரண்டு பாதத் தடங்கள். அவன் காலைவிடப் பெரியவை.